மீன்தொட்டியின் கலங்கல்

மீன்தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து வடிகட்டும் சம்ப் ஃபில்டரை வீட்டிலேயே கட்டுகிறவர்களில் பலர் ஒரு வேலையில் பொழுதைத் தொலைக்கிறார்கள். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரையும், கீழே சம்ப்பிலிருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீரையும் சமமாக்குவதுதான் அந்த வேலை. இறங்கு குழாயில் ஒரு பால் வால்வு, ஏறு குழாயில் இன்னொன்று. இதைக் கொஞ்சம் திருப்புவார்கள், அதைக் கொஞ்சம் திருப்புவார்கள், தள்ளி நின்று பார்ப்பார்கள். சிறிது நேரம் சரியாக ஓடும். பிறகு மேலே ததும்பும், அல்லது கீழே மோட்டார் காற்றை உறிஞ்சிக் கரகரக்கும். இந்தப் பாடு தேவையே இல்லை. ஒழுங்காக அமைந்த சம்ப்பில் வரத்தும் போக்கும் தாமாகவே சமமாகும். ஆகவில்லை என்றால் கோளாறு அமைப்பில் வேறெங்கோ இருக்கிறது. எங்கே என்பதை ஒவ்வோர் அறையிலும் நிற்கும் நீர்மட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏரிக்கு, உபரி நீர் வழியும் கலங்கல் எதற்கு என்று நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கலங்கலின் விளிம்பு மட்டும் ஒரே உயரத்தில் நிற்கும். வரத்து குறைவென்றால் அதன்மேல் விரற்கனம் வழியும். வெள்ளம் வந்தால் முழங்கால் உயரம் பாயும். ஏரியின் மட்டம் தானே ஏறி, வரத்துக்கு ஈடான போக்கை உண்டாக்கிக்கொள்கிறது. யாரும் எதையும் திருக வேண்டியதில்லை. மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ விளிம்பும் அப்படியொரு கலங்கல்தான். மோட்டார் எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவுதான் விளிம்பைத் தாண்டி இறங்கும். இறங்கு குழாயை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதற்குமேல் ஒரு சொட்டுக்கூட இறங்காது. ஓட்டத்தைத் தீர்மானிப்பது மோட்டார். வடிகால் அதன் பின்னால் போகிறது.

கணக்குப் பேச ஒரு தொட்டி வேண்டும். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மூன்றடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 90 செ.மீ., அகலம் 45, உயரம் 45. விளிம்புவரை ஊற்றினால் 182 லிட்டர் பிடிக்கும். இதில் 1 செ.மீ. மட்டம் என்றால் ஏறக்குறைய 4 லிட்டர். இந்த எண் பிறகு பல இடங்களில் உதவும். கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப்: 75 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். உள்ளே மூன்று அறைகள். முதலறையில் சுவருக்குச் சுவர் இடைவெளி இல்லாமல் நிற்கும் பஞ்சு. நடுவறையில் செராமிக் ரிங்கோ பயோ பாலோ. கடைசியில் 20 செ.மீ. நீளமுள்ள மோட்டார் அறை. அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடியின் உயரம் 20 செ.மீ. ஓடும்போது மோட்டார் அறையில் 15 செ.மீ. தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

விளிம்பில் வழியும் நீருக்குத் துல்லியமான கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஊரில், நெசவாலைகளுக்குக் கால்வாய்வழி வரும் தண்ணீரை அளந்து பங்கிடும் பொறுப்பு ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் என்ற பொறியாளரிடம் இருந்தது. தடுப்பின்மேல் வழியும் நீரை அளந்து 1855-இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பொறியாளர்களின் கையில் இருக்கிறது. வழியும் அளவு, விளிம்பின் நீளத்தையும், விளிம்புக்குமேல் நிற்கும் நீருயரத்தின் ஒன்றரை அடுக்கையும் பொறுத்தது. ஓட்டம் இரட்டித்தால் மட்டம் இரட்டிப்பதில்லை, 1.6 மடங்குதான் ஏறும். மணிக்கு 1500 லிட்டர் ஓடும் நம் தொட்டியில், 30 செ.மீ. நீள விளிம்பின்மேல் தண்ணீர் 8 மி.மீ. கனத்தில் வழியும். மீன் நுழையாமலிருக்க வைக்கும் சீப்புப் பற்கள் அந்த நீளத்தில் பாதியை அடைத்துக்கொண்டால் 13 மி.மீ. ஆகும். இலையும் பாசியும் இன்னும் கொஞ்சம் அடைத்தால் இன்னும் ஏறும். ஆகவே மேல்தொட்டியின் மட்டம் சில மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதைப் பார்த்ததும் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் சீப்பைத் துடைக்க வேண்டும்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். மேல்தொட்டியும் சம்ப்பும் சேர்ந்து ஒரே தண்ணீர்தான். ஆவியாவதைத் தவிர அது எங்கும் போவதில்லை. மேல்தொட்டியின் மட்டத்தைக் கலங்கல் பிடித்து வைத்திருக்கிறது. முதலறை, நடுவறை இரண்டின் மட்டத்தையும் தடுப்புக் கண்ணாடிகள் பிடித்து வைத்திருக்கின்றன. பிடித்து வைக்க எதுவுமில்லாத இடம் மோட்டார் அறை ஒன்றே. அதனால் அமைப்பில் எங்கே கூடினாலும் எங்கே குறைந்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நேர் செய்யப்படுகிறது. மேலே ஆவியானால் மோட்டார் அறையில் இறங்கும். பஞ்சுக்கு முன்னால் தண்ணீர் தேங்கினாலும் மோட்டார் அறையில்தான் இறங்கும். வடிகால் அடைத்து மேல்தொட்டி ஏறினாலும் அங்கேதான் இறங்கும். மோட்டாரின் தள்ளும் திறன் குறைந்தால் மட்டும் அங்கே ஏறும், மேலே கலங்கலில் வழியும் படலம் மெலியும்.

ஆக, மோட்டார் அறையில் தண்ணீர் குறைந்திருந்தால் உடனே குடத்தைத் தூக்கக் கூடாது. மற்ற மட்டங்களைப் பார்க்க வேண்டும். எல்லாம் பழையபடி இருந்து மோட்டார் அறை மட்டும் இறங்கியிருந்தால் அது ஆவியானது, அல்லது எங்கோ கசிவு. தரையைத் தடவிப் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றலாம். மோட்டார் அறையின் பரப்பு 600 சதுர செ.மீ.தான். தொட்டி முழுவதும் சேர்ந்து 3 லிட்டர் ஆவியானால் அங்கே 5 செ.மீ. இறங்கிவிடும். கோடையில் இது வேகமாகவே நடக்கும். ஆனால் பஞ்சுக்கு முன்பக்கம் மட்டம் ஏறியிருந்தால் கதையே வேறு.

பஞ்சின் கதையைச் சொல்ல ஆன்ரி டார்சியிடம் போக வேண்டும். 1803-இல் பிரான்ஸின் டிஜோன் நகரில் பிறந்தவர். அந்த நகரின் குடிநீர் கேடுகெட்டதாக இருந்த காலம் அது. சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோசுவார் ஊற்றிலிருந்து மூடிய கால்வாயில் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்தை வகுத்துக் கட்டியவர் அவரே. 1840-இல் நகருக்குள் நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தது. வாழ்வின் கடைசி ஆண்டுகளில், உடல்நலம் கெட்ட நிலையிலும், டிஜோன் மருத்துவமனை வளாகத்தில் செங்குத்தான உருளையில் மணலை நிரப்பி அதன் வழியே தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். வடிகட்டும் மணல் படுகையை எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை. 1856-இல் டிஜோனின் பொது நீரூற்றுகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் பின்னிணைப்பில் முடிவு வெளிவந்தது. மணலின் வழியே ஓடும் அளவு, மணலுக்கு இருபுறமும் உள்ள நீருயர வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணலின் தடிமனுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நிலத்தடி நீரைப் பற்றிய இன்றைய கணக்குகளெல்லாம் இந்த விதியின்மேல் நிற்கின்றன. நம் பஞ்சும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

டார்சி உருளையில் உயர வேறுபாட்டை வைத்து ஓட்டத்தை அளந்தார். சம்ப்பில் தலைகீழ்: ஓட்டத்தை மோட்டார் தீர்மானித்துவிடுகிறது, உயர வேறுபாடு அதற்கேற்ப அமைகிறது. புதுப் பஞ்சுக்கு முன்னும் பின்னும் மட்டத்தில் வித்தியாசமே தெரியாது. துளைகளில் கழிவு சேரச் சேர, அதே அளவு நீரைத் தள்ள முன்பக்கம் கூடுதல் உயரம் தேவைப்படும். துளைகளின் அளவு பாதியானால் ஊடுருவும் திறன் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும். உயர வேறுபாடு நான்கு மடங்காகும். அதனால்தான் பல நாள் ஒன்றும் தெரியாமல் இருந்த பஞ்சு திடீரென்று அடைத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. அறைக் கண்ணாடியில் மார்க்கரால் பஞ்சுக்கு முன்பக்கம் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்கு மேல் 3 செ.மீ. ஏறிவிட்டால் கழுவ வேண்டிய நேரம். கழுவாமல் விட்டால் தண்ணீர் பஞ்சின் தலைமேல் ஏறிக் குதித்துப் போகும். ஓட்டம் குறையாது, சத்தமும் வராது. ஆனால் அன்றிலிருந்து அது வடிகட்டி இல்லை.

இந்த அடைப்பில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கணக்கோடு சொல்கிறேன். பஞ்சுக்கு முன்னால் 15 செ.மீ. நீளமுள்ள பகுதியில் மட்டம் 6 செ.மீ. ஏறினால் அங்கே 2.7 லிட்டர் கூடுதலாகத் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர் மோட்டார் அறையிலிருந்து வந்தது, அங்கே 4.5 செ.மீ. இறங்கியிருக்கும். வீட்டுக்காரர் ஆவியாகிவிட்டது என்று எண்ணி 2.7 லிட்டர் ஊற்றுகிறார். ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் அழகாக இருக்கும். மின்சாரம் போகும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

மோட்டார் நின்றதும் மேலேயிருந்து தண்ணீர் இரண்டு வழியாக இறங்கும். கலங்கலுக்குமேல் இருந்த படலம் வடிகாலில் வடியும். ஏறு குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அந்தக் குழாயே தலைகீழாக ஒரு சைஃபன் ஆகி, வாய் காற்றைத் தொடும்வரை தொட்டியை உறிஞ்சும். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர். குழாயிலும், விளிம்பைத் தாண்டிய நீர் விழும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருப்பதை 3 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 23. இதை வாங்கிக்கொள்ள சம்ப்பில் இடம் எவ்வளவு? மோட்டார் அறை 15-லிருந்து 20 செ.மீ. வரை நிரம்ப 3 லிட்டர். அதற்குமேல் மூன்று அறைகளும் ஒன்றாகி, விளிம்புவரை 10 செ.மீ. உயரத்துக்கு 22.5 லிட்டர். கூட்டினால் 25.5. வழக்கமான நாளில் தப்பித்துக்கொள்ளலாம். பஞ்சு அடைத்திருந்தபோது ஊற்றிய அந்த 2.7 லிட்டரையும் சேர்த்துப் பாருங்கள்: 25.7. தரை நனைந்துவிட்டது.

பலர் இதற்கு ஏறு குழாயில், தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வைப் போடச் சொல்வார்கள். நான் அதை நம்பி ஒரு சம்ப்பையும் அமைக்கச் சொல்ல மாட்டேன். வால்வின் மடிப்பில் ஒரு சிறு நத்தையோ பாசி நாரோ சிக்கினால் அது மூடாது. மூடவில்லை என்பது மின்சாரம் போன பிறகுதான் தெரியும். ஓட்டத்துக்கும் அது எப்போதும் ஒரு தடை. எளிய வழி இருக்கிறது. ஏறு குழாய் தொட்டிக்குள் நுழையும் இடத்தில், நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே குழாயில் ஒரு சிறு துளை. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் துளை காற்றை உறிஞ்சும், சைஃபன் அறுந்துவிடும். 23 லிட்டர் 7 லிட்டராகச் சுருங்கும். இந்தத் துளையிலும் பாசி வளரும், ஆகவே கண்ணாடியைத் துடைக்கும் நாளில் ஒரு குச்சியால் குத்தி விட வேண்டும். ஊர்க்கடையில் விற்கும் எந்த வால்வையும்விட நம்பகமானது கொள்ளளவுக் கணக்குதான்: மேலே இருந்து அதிகபட்சம் எவ்வளவு இறங்கினாலும் கீழே இடம் இருக்க வேண்டும்.

இதே கணக்கை மறுபக்கத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். வடிகால் முழுக்க அடைத்துக்கொண்டால் மோட்டார் தன் அறையிலுள்ள தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றிவிடும். 15 செ.மீ.யில் தொடங்கி 4 செ.மீ. வரை உறிஞ்சும் என்றால் 6.6 லிட்டர், மேல்தொட்டி 1.6 செ.மீ. ஏறும். விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. விட்டு வைத்திருந்தால் ஒரு சொட்டும் சிந்தாது. மோட்டார் அறையைப் பெரிதாக வைத்தால் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று ஆசைப்படுகிறவர்கள், அந்தப் பெருக்கம் முழுவதையும் மேல்தொட்டி தாங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, வடிகால் ஏன் தகராறு செய்கிறது? ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வாய் திறந்து நிற்கும் ஓர் இஞ்ச் குழாயைக் கூர்ந்து பாருங்கள். ஓட்டம் குறைவாக இருக்கும்போது தண்ணீர் குழாயின் உட்சுவரை ஒட்டிப் படலமாக வழுக்கி இறங்கும். நடுவில் காற்றுக்கு வழி இருக்கும். மணிக்கு 1500 லிட்டர் ஆகும்போது குழாய் வாயின்மேல் நீர் 2 செ.மீ. உயரத்துக்கு நின்றாக வேண்டும். அந்த உயரத்தில் வாய் மூடிக்கொள்ளப் பார்க்கும். நடுவில் சிறு சுழி உண்டாகிக் காற்றை இழுக்கும். ஒரு கணம் வாய் முழுவதும் மூடி, குழாய் நிறையத் தண்ணீராகும். அப்போது இறங்கும் விசை மாறிவிடுகிறது: தண்ணீரை இழுப்பது வாயின்மேல் நிற்கும் 2 செ.மீ. மட்டுமல்ல, சம்ப் வரையுள்ள முழு உயரம். மோட்டார் தருவதைப்போல இரு மடங்கு வேகத்தில் தண்ணீர் இறங்கும், பெட்டி சட்டென்று காலியாகும், கழிவறை ஃப்ளஷ் போன்ற சத்தத்தோடு காற்று உள்ளே புகும், சைஃபன் அறும். மறுபடி மட்டம் ஏறும். மறுபடி இழுக்கும். சம்ப்பின் முதலறையில் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும், குழாயில் குபுக் குபுக்கென்று சத்தம் வருவதும் இதன் அடையாளம். இதை மோட்டார் கோளாறு என்று நினைத்து மோட்டாரை மாற்றியவர்கள் ஏராளம்.

குழாய் இரண்டும்கெட்டான் நிலையில் தவிக்கிறது. ஏதாவது ஒரு நிலையில் அதை நிறுத்திவிட்டால் போதும். ஒன்று, காற்றுக்கு நிரந்தர வழி கொடுப்பது. குழாயின் தலையில் ஒரு டீ, அதன் பக்கவாயில் கீழ்நோக்கிய எல்போ, மேல்வாயில் எண்ட் கேப், கேப்பில் ஒரு சிறு துளை. மீன் வளர்ப்போர் டர்சோ குழாய் என்று சொல்வது இதைத்தான். தண்ணீர் அடியிலிருந்து நுழைகிறது, காற்று துளை வழியே வருகிறது. துளை சிறிதானால் ஃப்ளஷ் தொடரும், பெரிதானால் சலசலப்பு கூடும். சிறிதாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். இன்னொன்று, காற்றை முற்றிலும் ஒழித்துக் குழாயை எப்போதும் முழு சைஃபனாக வைப்பது. வடிகாலின் அடியில் ஒரு கேட் வால்வு வைத்து, மட்டம் வாய்க்குமேல் நிலையாக நிற்கும்வரை இறுக்க வேண்டும். சத்தமே வராது. ஆனால் சுயமாகச் சரிசெய்துகொள்ளும் குணம் போய்விடும். ஓர் இலை சிக்கினாலும் மட்டம் ஏறும். ஆகவே அதன் பக்கத்தில் சற்று உயரத்தில் இரண்டாவது குழாய் ஒன்று வெறுமையாக நிற்க வேண்டும். வால்வே இல்லாத குழாய். அந்த இரண்டாம் குழாய்க்கு இடம் இல்லாதவர் முழு சைஃபனில் இறங்கவே கூடாது.

எந்த வகையானாலும் வடிகாலின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் ஓரிரு செ.மீ.தான் மூழ்க வேண்டும். ஆழமாக மூழ்கினால் தொடங்கும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற முடியாமல் நின்றுவிடும். பிளம்பர்கள் ஏர் லாக் என்பது இதுதான். படுக்கையாக ஓடும் குழாய்க்கும் இதே நோய் வரும். சிறிது சரிவு கொடுத்தால் தீரும்.

தொட்டியில் துளை போடாமல், பி.வி.சி. குழாயை விளிம்பின்மேல் வளைத்து சைஃபனாக இறக்கும் முறையும் பரவலாக இருக்கிறது. டெம்பர்டு கண்ணாடியில் துளையிட்டால் நொறுங்கிவிடும் என்பதால் சிலருக்கு வேறு வழியில்லை. இதன் பலவீனம் வளைவின் உச்சி. தண்ணீரில் வரும் சிறு குமிழிகள் அங்கே சேரும். ஓட்டம் வேகமாக இருந்தால் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக இருந்தால் அவை தங்கிப் பெருத்து ஒரு நாள் சைஃபனை அறுத்துவிடும். ஆகவே இங்கே பெரிய குழாய் நல்லதல்ல. ஓட்டத்துக்குப் போதுமான அளவே வேண்டும், அதற்குமேல் வேண்டாம். முன்பு போட்ட 6.6 லிட்டர் கணக்கு இந்த முறைக்குக் கட்டாயம்.

இனி மேலேறும் பக்கம். மோட்டார் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருக்கும்; பக்கத்திலேயே அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர் என்றும் இருக்கும். முதல் எண், தண்ணீரை மேலே ஏற்றவே தேவையில்லாதபோது கிடைப்பது. இரண்டாம் எண் அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்பதைச் சொல்வது. நம் தொட்டியில் சம்ப் மட்டத்திலிருந்து மேல்மட்டம் ஏறக்குறைய 1 மீட்டர். இரண்டு எண்களுக்கும் இடையே நேர்கோடு போட்டால், குழாயில் தடையே இல்லாவிட்டாலும் 1800 லிட்டர்தான். உராய்வு அதிலிருந்தும் பிடுங்கும். குழாயின் உராய்வையும் விரிவாக அளந்தவர் அதே டார்சிதான். ஒரே ஓட்டத்துக்கு, உராய்வில் இழக்கும் உயரம் குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 1500 லிட்டரை 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் ஒவ்வொரு மீட்டருக்கும் 4 செ.மீ. இழப்பு. 20 மி.மீ. குழாயில் 11 செ.மீ. 15 மி.மீ. குழாயில் 47 செ.மீ.! ஒவ்வொரு எல்போவும் விட்டத்தைப்போல சுமார் 30 மடங்கு நீளக் குழாய்க்குச் சமம். ஒன்றரை மீட்டர் குழாய், நான்கு எல்போ என்று வைத்துக்கொண்டால், அதே மோட்டார் 25 மி.மீ. குழாயில் சுமார் 1500 லிட்டரும் 15 மி.மீ. குழாயில் சுமார் 950 லிட்டரும் தரும். மோட்டாரின் வாய் அரை இஞ்ச் என்பதற்காகக் குழாயையும் அரை இஞ்சிலேயே கொண்டுபோவது காசைக் கொட்டி உராய்வை வாங்குவது. வாயிலேயே ரெட்யூசர் போட்டு ஓர் இஞ்சுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஓட்டத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஏறு குழாயின் முனையை 10 லிட்டர் வாளியில் விட்டு நேரம் பாருங்கள். 24 நொடியில் நிரம்பினால் மணிக்கு 1500 லிட்டர். வாளியைத் தொட்டியின் மட்டத்திலேயே பிடிக்க வேண்டும். தரையில் வைத்து அளந்தால் உயரம் குறைந்து பொய்க்கணக்கு வரும்.

முன்பு 1500 வந்தது இப்போது 900 வருகிறது என்றால், “மோட்டார் வீக் ஆகிவிட்டது” என்பார்கள். சாதாரண நீர்மூழ்கி மோட்டாரில் காந்தச் சுழலி நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாளத்துக்குக் கட்டுப்பட்டுச் சுற்றுகிறது. இரண்டு துருவம் உள்ளதென்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. சுமை கூடினாலும் வேகம் குறையாது, தாளம் தப்பினால் நின்றுவிடும். ஆகவே ஓடிக்கொண்டே ஓட்டம் குறைந்தால் அடைப்பைத் தேட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முகப்பைக் கழற்றிச் சுழலியை வெளியே இழுத்துப் பாருங்கள். காந்தம் விடாமல் இழுத்துப் பிடிக்கும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் காந்த உருளையைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் மணல்போல உதிரும். இறக்கைகளின் இடுக்கில் பழுப்பு நிறக் கொழகொழப்பு, அதில் நத்தை ஓட்டின் சில்லு. உள்குழியில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சுழலியை வினிகரில் சிறிது நேரம் ஊறப்போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். செராமிக் அச்சு மெல்லியது, வளைத்தால் ஒடிந்துவிடும். கழுவி மாட்டியதும் மீண்டும் வாளியில் அளந்து பார்க்கலாம். ஓட்டத்தைக் குறைக்க விரும்பினால் வால்வை மோட்டாருக்கு மேலே, ஏறு குழாயில் வைக்க வேண்டும். உறிஞ்சும் வாயை மூடிக் குறைப்பது மோட்டாரைக் கொல்லும்.

இத்தனை கவனம் தண்ணீர் அழகாக ஓட வேண்டும் என்பதற்காக அல்ல. நடுவறையின் ரிங்குகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்காக. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறவை அவை. இந்த இரண்டு படிகளையும் வெவ்வேறு உயிரிகள்தான் செய்கின்றன என்று நூறாண்டுக்கு மேலாக நம்பப்பட்டது. இரண்டையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா வகை ஒன்று 2015-இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. கிடைத்த இடம் மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஒரு வடிகட்டி. இந்த உயிரிகளுக்கு ஆக்சிஜன் தீனி போன்றது: அம்மோனியாவில் உள்ள 1 மில்லிகிராம் நைட்ரஜனை முழுவதும் மாற்ற ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடியதே 7.5 மில்லிகிராம்தான். அதை ஓயாமல் கொண்டுவந்து சேர்ப்பது ஓட்டம். பஞ்சைக் கழுவும்போதும் இவற்றை நினைக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் பெரும்பகுதி செத்துவிடும். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் அலசினால் போதும்.

ஓட்டம் நின்றால் அடர்த்தியாக உயிரிகள் இருக்கும் பஞ்சிலும் ரிங்கிலும்தான் ஆக்சிஜன் முதலில் தீரும். சில நிமிட மின்வெட்டு பெரிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நடந்ததுபோல மின்சாரம் நாள்கணக்கில் இல்லையென்றால், சம்ப் அறைகளில் தேங்கிய தண்ணீர் கெட்டு நாறும். மின்சாரம் வந்ததும் மோட்டார் அந்தக் கெட்ட நீரை ஒரே மூச்சில் மீன்களிடம் ஏற்றிவிடும். அதனால் நீண்ட மின்வெட்டு தொடங்கியதுமே மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் அதன் கல்லை மேல்தொட்டியில் போடலாம். மின்சாரம் திரும்பியபின் சம்ப்பின் மூன்று அறைகளையும் குழாய் வைத்து வடித்து, பஞ்சை அலசி, குளோரின் நீக்கிய தண்ணீரை, மோட்டார் நின்றிருக்கும்போது வழக்கமாக நிற்கும் மட்டம்வரை ஊற்றிவிட்டுப் பிளக்கைச் செருகலாம்.